தென்றல் கார்டன்ஸ் சட்டத்துக்கு அடங்கிய கதை

பொட்டல்குளம், நகராட்சி என்ற பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாநகராட்சி ஆன வருடம், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மேலரத வீதிக்குப் பின்னால் இருந்த தென்றல் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடம் சட்டத்துக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது. பெயரில் இருந்த தென்றலும் தோட்டமும் அந்த இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. எனவே இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்ந்ததில் யாருக்கும் முதலில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை.

கிழக்குப் பக்கத்துப் பால்கனிகள்தாம் முதலில் உள்வாங்கின. இரண்டாம் மாடியில் குடியிருந்த இயற்பியல் பேராசிரியர் செல்வின், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான், பல்லைத் தேய்த்துக்கொண்டே பால்கனிக்குப் போனபோது பால்கனி அவருக்கு எதிரே வந்து ஹாலுக்குள் நின்றது. கொடிக்கயிறும், கயிற்றில் முந்தின நாள் காயப்போட்ட பனியனும், ரோஜாத் தொட்டியும் வைத்தது வைத்தபடி இருந்தன. "கான்கிரீட் சுருங்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் வாய் கொப்பளிக்கப் போனார். மதியத்துக்குள் கட்டடம் கிழக்குப் பக்கத்தில் ஐந்தடி உள்ளே ஒதுங்கி, சட்டம் கேட்ட பக்கவெளியை விட்டு நின்றது. சாயங்காலத்துக்குள் பக்கத்து மனைக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்து, தன் காம்பவுண்டுச் சுவரை அதே ஐந்தடி முன்னால் நகர்த்திக்கொண்டார். கட்டடம் ஒதுங்கியதைவிட, கொத்தனார் கூப்பிட்ட அன்றைக்கே வந்ததுதான் அதிசயம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஏன் என்று ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மாநகராட்சி ஆனதும் நடந்த முதல் கூட்டத்தில், போண்டாவுக்கும் காபிக்கும் நடுவே, மாநகர எல்லைக்குள் உள்ள அனைத்துக் கட்டடங்களும் இன்று முதல் அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்று ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். அது ஃபைலில் வைப்பதற்கான தீர்மானம் என்பது போட்டவர்களுக்குத் தெரியும், கேட்டவர்களுக்குத் தெரியும், போண்டா கொண்டுவந்த கேண்டீன்காரருக்கும் தெரியும். கட்டடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை உண்மையாகவே பயம் வந்தது ஒரே ஒருவருக்குத்தான். தரைத்தளத்தில் மனைவி உலகம்மாளோடு குடியிருந்த ஆறுமுகநயினாருக்கு. பிளான் நயினார் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். அந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு வரைபடம் உண்டு. முத்திரை வாங்குவதற்கு ஆபீஸ் பிளான், கொத்தனாருக்குச் சைட் பிளான். ஆபீஸ் பிளானில் நான்கு பக்கமும் காற்று வரும், மழைநீர்க் குழி இருக்கும், தீயணைப்பு வண்டி உள்ளே வந்து சுற்றித் திரும்பிப் போகும், மரங்கள் நிழல் தரும். சைட் பிளானில் வீடுகள் இருக்கும். இரண்டையும் போடுகிறவர் ஒருவரே. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று ஜாதகம் எழுதித் தருகிற ஜோசியரைப் போல நயினார் முப்பது வருடம் இரண்டு கையாலும் போட்டார். ஆனால் மனசு என்னவோ ஆபீஸ் பிளானில்தான். யாரும் கட்டப்போவதில்லை என்பதால் அதில்தான் அவர் தன் முழுத் திறமையையும் காட்ட முடிந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன் தென்றல் கார்டன்ஸுக்கு அவர் போட்ட ஆபீஸ் பிளானைப் பார்த்து அந்தக் காலத்து அதிகாரியே தனக்கென்று ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாராம். தரைத்தளத்தில் தூண்கள் மட்டும். தூண்களுக்கு நடுவே பதினான்கு கார்கள், பன்னிரண்டு வீடுகளுக்குப் பன்னிரண்டு, விருந்தாளிகளுக்கு இரண்டு. மேலே மூன்று மாடி. சுற்றிலும் ஏழு மரம். கட்டியது என்னவோ தரைத்தளத்தில் ஒரு வீடு, ஒரு பிளாஸ்டிக் குடக் கிடங்கு. மூன்று மாடிக்கு மேலே வார்டு கவுன்சிலருக்கென்று நான்காவதாக ஒரு மாடி. அந்தத் தரைத்தள வீட்டைத்தான் நயினார் வாங்கினார். கார் நிறுத்துமிடம் என்று தன் கையால் எழுதிய இடத்திலேயே பாய் விரித்துப் படுத்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நகலை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, வெளியே போய் டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தார். ஒரு அங்குலம் பிசகவில்லை.

"உலகம், நம்ம வீடு போயிரும் போலிருக்கு."

"எங்க போவும்? அதுக்குக் காலா இருக்கு?" உலகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பிளான்ல இல்ல."

"பதினெட்டு வருசமா நான் கோலம் போட்ட வாசல் பிளான்ல இல்லையா?"

"அந்த எடத்துல ஒரு கார் நிக்கி."

"யாரு காரு?"

"யாரு காரும் இல்ல. நான் அச்சு வச்சுப் போட்ட படம்."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். "அம்புட்டு காரு போட்டீயளே, ஒரு ஓரமா நம்ம ரெண்டு பேரையும் போட்டிருக்கப்படாதா?"

அடுத்த வாரம் மரங்கள் வந்தன. பிளான் போடுகிறவர்கள் மரத்தை மேலிருந்து பார்த்தபடி வட்டமாகத்தான் போடுவார்கள் என்பதால், வந்தவையும் மேலிருந்து மட்டுமே இருந்தன. மொட்டைமாடியில் நின்று குனிந்தால் ஏழு பச்சை வட்டம், இலை அசையும், காக்கை உட்காரும். தெருவில் நின்று நிமிர்ந்தால் அடிமரமும் இல்லை, கிளையும் இல்லை; காக்கைகள் சும்மா அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும், தரையில் ஏழு வட்டமாக நிழல் மட்டும் விழுந்திருக்கும். இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒரு நிழலைப் பிடித்துக்கொண்டார், நான்காம் நாள் செருப்புத் தைக்கிறவர் இன்னொன்றை. அதற்குப் பிறகு மரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நிழல் கிடைக்கிற இடத்தில் கேள்வி கேட்கிற பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், டீயில் சீனி கரைகிற மாதிரி நான்காம் மாடி மொட்டைமாடிக்குள் கரைந்து இறங்கியது. கவுன்சிலரும் வீட்டுக்காரியும் இரண்டு பெண்களும் கட்டில், சோபா, ஓடிக்கொண்டிருந்த ஏசி சகிதம் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவரே அவர்தான். "நான் பொதுவாச் சொன்னேன்யா! என் வீட்டையா சொன்னேன்?" என்று அவர் வானத்தைப் பார்த்துக் கத்தியது மூன்று தெருவுக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டு, கட்டடங்கள் வரைபடத்துக்கு உட்படுவது குறித்துப் பரிசீலிக்கப்படும் என்று தீர்மானத்தைத் திருத்தினார்கள். ஊரெங்கும் லேசாக அசைய ஆரம்பித்திருந்த லாட்ஜுகளும் கல்யாண மண்டபங்களும் நர்சிங் ஹோம்களும் பெருமூச்சு விட்டு இருந்த இடத்திலேயே நின்றன. முதலாளிகள் தினமும் காலையில் சுவரை அளந்து பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார்கள்; வாசலுக்கு வாசல் திருஷ்டிப் பூசணி தொங்கியது; தென்றல் கார்டன்ஸைத் தாண்டும்போது, தொற்றிக்கொண்டு வந்துவிடுமோ என்று கட்டட மேஸ்திரிகள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். தென்றல் கார்டன்ஸ் மட்டும் நிறுத்தவில்லை. ஒழுங்காக இருப்பதும் ஒரு பழக்கம்தான், தொடங்கிவிட்டால் விடுவது கஷ்டம் என்று அனுபவம் இல்லாதவர்கள் சொன்னார்கள்.

புரட்டாசி பிறந்ததும் அந்த ஒழுங்கு தரைத்தளத்துக்கு இறங்கி வந்தது. குடக் கிடங்கு முதலில் போனது. பச்சையும் சிவப்புமாகக் குடங்கள் தெருக்கோடி வரைக்கும் உருண்டன, தெருவில் குடம் இல்லாத வீடே அன்றைக்கு இல்லை. அப்புறம் நயினாரின் ஹால் தரையில் ஒரு மஞ்சள் கோடு தோன்றியது. உலகம்மாள் அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள், கடைசியில் மேலே மிதியடியை விரித்தாள். கோடு மிதியடிக்கு மேலே ஏறி வந்தது. மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் ஏழு என்ற எண் விழுந்தது. நான்காம் நாள் மேற்குச் சுவர் இல்லை. அது இல்லாமல் போன அரைமணி நேரத்தில் செல்வின் சார் கார்ச் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"கட்டிலுக்கு அடியில ஏழுன்னு இருக்குல்லா, அது நம்ம வீட்டு நம்பரு. பத்திரத்துலயே போட்டிருக்கு. பதினெட்டு வருசமா வண்டி தெருவுல வெயில் காயுது."

"இது வீடு சார்."

"வீடுதான். நான் இல்லேன்னா சொல்லுதேன்? கட்டிலைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளிக்கிட்டீயன்னா நான் பாட்டுக்கு ஓரமா விட்டுக்கிடுவேன். உள்ள வரும்போது ஹாரன் அடிக்க மாட்டேன், சத்தியமா."

வெள்ளைக் கார் மெதுவாக ஹாலுக்குள் நுழைந்து, டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றது. உலகம்மாள் டம்ளரில் காபியோடு வந்தாள். வீட்டுக்குள் ஒருத்தர் வந்தால் சும்மா அனுப்புகிறவள் இல்லை அவள், காரோடு வந்தாலும். "குடிங்க சார். ஆனா காரைக் கழுவணும்னா வெளிய வச்சுக் கழுவிக்கிடுங்க. சாமி படம் இருக்குல்லா."

மறுநாள் நயினார் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். நகரமைப்பு அலுவலர் தில்லைநாயகி, சென்னைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பழைய வரைபடத்தை மேஜையில் விரித்துப் பேப்பர்வெயிட் வைத்தார்.

"உங்க வீடு எந்த மாடி சார்?"

"தரைத்தளம் மேடம்."

"தரைத்தளத்துல வீடே இல்லையே. பார்க்கிங்தான் இருக்கு. ரொம்ப நீட்டா போட்டிருக்காங்க. யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"அப்போ நான் சொல்ல வேண்டியதே இல்லையே, உங்களுக்கே தெரியுமே."

தெரிந்திருந்ததால்தான் நயினார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வரன்முறைப்படுத்திக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும். ஊர்ல எத்தனையோ கட்டடத்துக்குச் செஞ்சிருக்கீங்க."

"அதெல்லாம் விதியை மீறின கட்டடம் சார். மீறினாத்தான் வரன்முறை பண்ண முடியும். உங்களுதுல இப்போ மீறலே இல்லையே. மீறிட்டு வாங்க, கண்டிப்பா பண்ணித் தரேன்."

"மீற விட மாட்டேங்குதே மேடம், அது."

"அதுக்கு நாங்க பொறுப்பில்லை சார்." அவர் ஒரு உறையை எடுத்து நீட்டினார். "அந்தப் பக்கம்தானே போறீங்க, இதைக் கட்டடத்துக்குச் சேர்த்துடுங்க." பிரித்துப் பார்த்தால், உரிய முன்அனுமதி பெறாமல் தன்னிச்சையாக விதிமுறைகளுக்கு உட்பட்டமைக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தது. யாரிடம் கொடுப்பது என்று புரியாமல் நயினார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது வடக்குச் சுவரும் இல்லை. அந்த வாரத்துக்குள் எல்லாச் சுவரும் போய் வெறும் தூண்கள் நின்றன. நயினார் கொத்தனாரை வைத்து ஒரு நாளில் இடுப்பளவு சுவர் எழுப்பினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் செங்கல்கள் வெளியே வரிசையாக அடுக்கியிருந்தன, சிமெண்ட் மூட்டைக்குள் திரும்பிப் போயிருந்தது, மூட்டை தைத்திருந்தது. சேலையைத் தூணுக்குத் தூண் கட்டினார்கள். மடித்துத் திண்டு மாதிரி ஓரத்தில் வைத்திருந்தது. தட்டி வைத்தார்கள், தட்டி தெருவில் கிடந்தது. கட்டடத்துக்குக் கோபமெல்லாம் இல்லை. மரியாதையாகத்தான் எடுத்து வைத்தது. அதுதான் நயினாருக்கு அதிக வலியைக் கொடுத்தது.

உலகம்மாள் ஒருநாள் பூராவும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அது காரை ஒண்ணும் செய்யல, பாத்தீயளா? காருக்குப் பக்கத்துல கிடந்த செருப்பைக்கூடத் தள்ளிட்டு. காரை மட்டும் தொடல. சக்கரம் இருந்தா விடுது."

பட்டறைக்காரர் வந்து கட்டிலுக்கு நான்கு சக்கரம் வைத்தார். பீரோவுக்கு நான்கு, அடுப்பு மேஜைக்கு நான்கு, கிரைண்டருக்கு மூன்று. எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டுபோய் பதின்மூன்றாம் எண்ணிலும் பதினான்காம் எண்ணிலும், விருந்தாளிகளின் வாகனத்துக்கென்று நயினார் பெரிய மனசு பண்ணி வரைந்த இடத்தில், நிறுத்தினார்கள். கட்டடம் ஒன்றும் சொல்லவில்லை. சங்கம் கூடிப் பேசியது. "விருந்தாளி எத்தன நாள் இருக்கலாம்னு பிளான்ல போடல. அதனால சட்டப்படி பிரச்சினை இல்ல" என்று செல்வின் சார் முடித்து வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முதல் தென்றல் கார்டன்ஸில் நயினாரும் உலகம்மாளும் விருந்தாளிகள் ஆனார்கள். படியிறங்குகிறவர்கள் அவர்களைப் பார்த்துச் சொந்த வீட்டுக்காரர்கள் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள்.

சுவர் இல்லாத வீட்டை ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. பால்காரர் பாலை நேராக அடுப்பில் ஊற்றிவிட்டுப் போனார். காரை எடுக்க வருகிறவர்கள் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்து, "என்ன மதினி, இன்னைக்கும் புளிக்குழம்பா?" என்றார்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த கவுன்சிலர் வீட்டுக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒங்களுக்கு மேலயாவது கூரை இருக்கு" என்று பொறாமைப்பட்டாள். முதலில் எல்லாவற்றுக்கும் சரிக்குச் சரி பதில் சொல்லிக்கொண்டிருந்த உலகம்மாள், ஐப்பசி மழைக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து, பீரோவுக்கும் தூணுக்கும் இடையில் இருந்த ஒரு முழ இடைவெளியில் ஒடுங்கி நின்று சேலை மாற்றினாள். ஒருநாள் அப்படி நிற்கும்போது முதல் மாடிக்காரர் ஊருக்குப் போவதற்காகக் காரை எடுத்து, முன்விளக்கைப் போட்டுவிட்டார்.

அன்று முழுக்க அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நயினார் கடையில் இட்லி வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார்.

"திங்கலாம்ல உலகம்."

"எனக்கு வீடு வேண்டாம்" என்றாள் அவள். "வாசல் வேண்டாம். அடுப்படி வேண்டாம். நின்னு சேலை மாத்த ஒரு சுவரு வேணும். ஒண்ணே ஒண்ணு. ஊரு பூரா சுவரு போட்டுக் குடுத்தீயள்லா, எனக்கு ஒண்ணு தர முடியாதா ஒங்களால?"

நயினார் இட்லிப் பொட்டலத்தை மடித்து மூடினார். சொல்ல இருந்ததெல்லாம் பதினெட்டு வருடத்துக்கு முன்பே தாளில் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

மார்கழியில் மேலிடத்திலிருந்து மாநகராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது: விதிகளுக்கு முழுமையாக உட்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களின் பட்டியலை உடனே அனுப்புக. தில்லைநாயகி மேடம் இரண்டு நாள் ஊரைச் சுற்றினார். பிறகு தென்றல் கார்டன்ஸுக்கு மூன்று பேர் கொண்ட குழுவோடு வந்து, பக்கவெளியை அளந்து, மழைநீர்க் குழியை எட்டிப் பார்த்து, நிழல்களை எண்ணி ஏழு மரம் என்று குறித்துக்கொண்டு, தரைத்தளத்தில் வாகனங்களை எண்ணினார். பன்னிரண்டு கார், ஒரு கட்டில், ஒரு பீரோ. "பதினாலு. சரியா இருக்கு" என்றார். அடுப்பையும் கிரைண்டரையும் இருசக்கர வாகனம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பட்டியல் ஒரே வரியில் முடிந்தது. முன்பு கேட்ட விளக்கத்தை யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

குடியரசு தினத்தன்று கொடியேற்றிய கையோடு, மாநகரிலேயே சட்டத்துக்கு முழுதும் அடங்கிய ஒரே கட்டடத்தை வடிவமைத்தவர் என்று பிளான் நயினாரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மாநகராட்சியில் பிளக்ஸ் அடிக்கிற வேலையை எடுத்திருந்தவர் சதுர அடிக் கணக்கில் எடுத்திருந்ததால், சான்றிதழ் ஆறடி உயரமும் ஐந்தடி அகலமுமாக மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி வந்தது. மேலே கைகூப்பிச் சிரிக்கும் மேயர், நடுவில் நயினாரின் பெயர், கீழே மூலையில் ஊதா மையில் மாநகராட்சியின் வட்ட முத்திரை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, சுமை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

"இதை எங்கன மாட்ட?" என்றார் நயினார், தூண்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே. "ஆணியடிக்க ஒரு எடம் இல்ல."

உலகம்மாள் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒரு முனையப் பிடிங்க. அந்தத் தூணுக்கும் பீரோவுக்கும் முன்னால மறைச்சாப்ல நிறுத்துங்க. மேயரு மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கட்டும்."

"எடுத்து வச்சுரும் உலகம்."

"வைக்கட்டும். நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் அதற்குப் பின்னால் போனாள். பட்டப்பகல், செல்வின் சார் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. நயினார் குத்தவைத்து உட்கார்ந்து தரையையே பார்த்தார். மஞ்சள் கோடு எப்போதும் போல ஊர்ந்து வந்தது. மரச்சட்டத்தின் கால் பக்கம் வந்து நின்றது. யோசிப்பது போல் கொஞ்ச நேரம் நின்றது. முத்திரை இருந்த மூலையை ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு, நான்கு விரற்கடை வளைந்து, சட்டத்தைச் சுற்றிக்கொண்டு அடக்கமாக அந்தப் பக்கம் போனது.

பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அவசரம் இல்லாத சத்தம். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கொசுவத்தை நிதானமாக நீவி விட்டு, முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சான்றிதழை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"ஒரு பக்கம் ஆச்சு" என்றாள். "இன்னும் மூணு பரிசு வாங்கிட்டு வாங்க."